ஒரே பேசினில் எட்டுக் கை

பட்டாள முகாமில் லிவினஸுக்கு ரொம்பப் பிடித்த நேரம் சாப்பாட்டு வேளை. பசியால்தான் என்று கூட இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். பசி எல்லோருக்கும்தான் இருந்தது. மற்ற ஏழு பேரும் பேசினில் என்ன கிடக்கிறது என்று பார்ப்பார்கள். லிவினஸ் பேசினைச் சுற்றியிருக்கும் கைகளைப் பார்ப்பார்.

நீல விளிம்பு வைத்த பெரிய எனாமல் பேசின். அதில் குவித்த மரவள்ளிக் களி, பக்கத்துச் சட்டியில் கசப்புக்கீரைக் குழம்பு. குழம்பில் மீன் போட்டிருப்பதாகச் சமையல்காரன் சத்தியம் செய்வான். போட்ட மீன் நீந்திப் போய்விட்டது என்பான் எட்டுப் பேரில் ஒருவனான ஒக்வாரா. எட்டுப் பேரும் வட்டமாக உட்கார்ந்து, கை கழுவி, சிலுவை போட்டுக்கொண்டு, களியைப் பிய்த்து உருட்டிக் குழம்பில் தோய்ப்பார்கள். ஒருவன் விரல் இன்னொருவன் விரலில் இடிக்கும். அப்படி இடிக்கும்போதெல்லாம் லிவினஸ் மனசுக்குள் ஆண்டவருக்கு ஒரு நன்றி சொல்லிக்கொள்வார்.

அவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. அதுவரைக்கும் வெளியார் ஒருவருடைய விரலும் சாப்பாட்டுத் தட்டில் அவர் விரலோடு இடித்ததில்லை.

உமுண்டே கிராமத்தில் ஆற்றுத் தாய் என்ற தெய்வத்தின் தோப்பை ஒட்டி அவர்கள் வீடு. அவருடைய பாட்டன் சின்ன வயதில், அடிமையாக விற்கப் பிடித்துக்கொண்டு போனவர்களிடமிருந்து தப்பித்து அந்தத் தோப்புக்குள் ஓடி ஒளிந்தவர். தோப்புக்குள் புகுந்தவனை யாரும் தொட முடியாது. அவன் தாயின் சொத்தாகிவிடுவான். அவன் பிள்ளைகளும், பிள்ளைகளின் பிள்ளைகளும் அப்படியே. நேர்ந்துவிட்டவர்கள். ஊர்ப் பேச்சில் ஓசு. ஓசுவோடு உட்கார்ந்து சாப்பிட்டால் சாப்பிட்டவனும் ஓசு. பெண் கொடுத்தால் பெண்ணின் குடும்பமே ஓசு. அவன் ரத்தத்தைச் சிந்தினாலும், அது மேலே பட்டாலும், அந்தத் தாய் சும்மா விடமாட்டாள் என்று ஒரு பயம் ஊருக்கே உண்டு.

அந்தப் பயத்தால் மிஷன் பள்ளிக்கூடத்தில் லிவினஸை ஒருவரும் அடித்ததில்லை. பையன்களும் அடிக்கவில்லை, உள்ளூர்க்காரரான வாத்தியாரும் அடிக்கவில்லை. கணக்கு தப்பாகப் போட்டால் மற்றவர்களுக்குப் பிரம்படி விழும். இவர் பக்கம் வரும்போது பிரம்பு கீழே இறங்கிவிடும். கை வீங்கி அழுதுகொண்டு போகிற பையன்களைப் பார்த்து அவருக்குப் பொறாமையாக இருக்கும். மூன்றாவது வகுப்போடு அந்தப் பள்ளிக்கூடம் போதும் என்று நின்றுகொண்டார்.

தையல் கற்றுக்கொண்டார். ஞானஸ்நானம் வாங்கினார். ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது. வழக்கப்படி பெண் கேட்டு அனுப்பிய பனங்கள் குடத்தை அந்த வீட்டார் மூடிகூடத் திறக்காமல் பாதையிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் அவர் வடக்கே ஜோஸ் நகரத்துக்கு ரயில் ஏறினார். அங்கே கிழக்கிலிருந்து பிழைக்கப் போன நம் ஆட்கள் நிறையப் பேர். அவர்களுடைய ஊர்ச் சங்கத்துப் பக்கம் அவர் தலைகாட்டவில்லை. யாராவது எந்த ஊர் என்று கேட்டால் வேறொரு மாவட்டத்தின் பேரைச் சொல்லிவிட்டு மெஷினை வேகமாகச் சுற்றுவார். ஒளிந்து வாழ்கிறவனுக்கு நண்பன் ஏது. இருபது வருஷம் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டார்.

பிறகு வடக்கே நம்மவர்களை வெட்டின வருஷம் வந்தது. கதவை உடைத்துக்கொண்டு வந்தவர்கள் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள், நீ கிழக்கத்தியானா என்று. ஓசுவா, சுத்த ரத்தமா என்று கேட்கவில்லை. பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்துத் தப்பி, கத்தரிக்கோல் ஒன்றை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு, கிழக்கே திரும்பும் ரயிலில் சாமான் போல அடைந்து வந்தார். அந்த ரயிலில் ஒரு தகரக் குவளையில் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தார்கள். அவருக்கும் அதே குவளை. அப்போது அவருக்கு ஒன்று தோன்றியது. கொல்ல வந்தவன் நம் எல்லோரையும் ஒன்றாகத்தான் எண்ணினான். இனிமேலாவது நாமும் அப்படி எண்ணிக்கொள்ள மாட்டோமா.

கிழக்குப் பகுதியைப் பயாஃப்ரா என்று தனி நாடாக அறிவித்து, சண்டையும் தொடங்கியதும், அப்போதும் அவர் உமுண்டேக்குப் போகாமல் நேராகப் பட்டாளத்தில் சேரப் போனார். வயசாகிவிட்டதே என்றார்கள். தைப்பேன் என்றார். சேர்த்துக்கொண்டார்கள்.

முகாம் ஒரு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இருந்தது. மழைக்காலம். பெஞ்சுகளை உடைத்து அடுப்பெரித்தார்கள். துப்பாக்கி எட்டுப் பேருக்கு ஒன்று. அதற்கான குண்டு சார்ஜன்ட் உகோர்ஜியின் சட்டைப்பைக்குள் பொத்தான் போட்டு இருந்தது. மற்றவர்களுக்குத் தச்சன் செதுக்கிக் கொடுத்த மரத் துப்பாக்கி. சேற்றில் படுத்துக்கொண்டு அதைக் குறிபார்த்து வாயால் ‘டமார்’ என்று சொல்ல வேண்டும்.

“எதிரி செவிடா இருந்துட்டா என்ன பண்றதுண்ணே?” என்று ஒக்வாரா கேட்பான். அவன் ஆபா நகரத்து லாரி நிலையத்தில் ஆள் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டிருந்தவன். வாய் ஓயாது. முகாமிலேயே லிவினஸை முதலில் ‘அண்ணே’ என்று கூப்பிட்டவன் அவன்தான்.

சார்ஜன்ட் உகோர்ஜி பழைய ராணுவத்தில் இருந்தவர். கையில் எப்போதும் ஒரு குச்சி. முதல் நாள் கால் மாற்றி வைத்ததற்கு லிவினஸின் முழங்காலுக்குக் கீழே ஓங்கி ஒன்று வைத்தார். தோல் உரிந்து ரத்தம் வந்துவிட்டது. லிவினஸ் சிரித்தார். கிறுக்குப் பிடித்திருக்கிறதா என்று சார்ஜன்ட் இன்னொன்று வைத்தார். அன்றைக்கு ராத்திரி படுக்கையில் அந்தக் காயத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனார் அவர். என்னையும் அடிக்கிறார்கள் என்ற நினைப்பில் நல்ல தூக்கம்.

பகலில் பயிற்சி முடிந்ததும் தையல். ஒவ்வொரு சட்டையிலும் தோளில் புது நாட்டுச் சின்னமான, பாதிச் சூரியன் உதிக்கிற பட்டை வைத்துத் தைக்க வேண்டும். துணி தட்டுப்பாடு. மஞ்சளுக்குப் பெண்கள் கொடுத்த தலைத்துணித் துண்டு, கறுப்புக்கு ஒரு பழைய குடை. ஃபிடெலிஸ் பக்கத்தில் உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுப்பான். அவன் அந்தப் பள்ளியிலேயே வாத்தியாருக்குப் படித்துக்கொண்டிருந்தவன். புது நாட்டில் பெரியவன் சின்னவன் கிடையாது, எல்லா மனிதரும் ஒன்று என்று பேசிக்கொண்டே கோப்பான். லிவினஸ் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டே தைப்பார். அந்தப் பையன் பேச்சு அவருக்குப் பிரசங்கத்தைவிட இனித்தது.

இன்னொருவனையும் சொல்ல வேண்டும். அசுக்வோ என்று ஒரு மருந்துக்காரன், முகாமில் காயத்துக்குக் கட்டுப் போடுகிறவன். கடலோரத்து ஆள், வேறு பாஷை பேசுகிற சனம். அதனால் அவன் எதிரிக்குத் தகவல் கொடுக்கிறவன் என்று முகாமில் ஒரு பேச்சு. “இன்னிக்கு எங்க சாப்பாடு என்னன்னு எழுதி அனுப்பிட்டியாப்பா? பயந்து ஓடியிருப்பானுங்களே” என்று ஒக்வாரா கேலி செய்வான். எல்லோரும் சிரிப்பார்கள். லிவினஸும் சிரிப்பார். எல்லோரோடும் சேர்ந்து சிரிக்கிறோம் என்பதே அவருக்குப் பெரிதாக இருந்தது. அந்தச் சிரிப்பு யார் மேல் விழுகிறது என்று அவர் யோசிக்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு சேதி வந்தது. ஆற்றுப் பாலத்தைக் காக்க இந்த எட்டுப் பேரும் சீக்கிரமே போகவேண்டும். அன்று சார்ஜன்ட் வீட்டிலிருந்து வரவழைத்த, மென்றால் கசக்கும் கோலாக்கொட்டையைத் தட்டில் வைத்து நடுவில் கொண்டுவந்தார். போருக்குப் போகிறவர்கள் அதைப் பிட்டுத் தின்னாமல் போவதில்லை. அதைக் கையிலெடுத்து மன்றாட வேண்டியவர் அங்கிருப்பவர்களில் வயதில் மூத்தவர்.

எல்லோரும் லிவினஸைப் பார்த்தார்கள்.

அவர் சார்ஜன்டே செய்யட்டும் என்றார். “கோலாக்கொட்டைக்குப் பட்டாளத்துப் பதவியெல்லாம் தெரியாது, அதுக்கு வயசுதான் தெரியும். எடுங்க” என்றார் உகோர்ஜி.

ஓசு கையெடுத்து மன்றாடின கோலாக்கொட்டையை யாரும் தின்னக் கூடாது. தின்றால் சாபம். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். எடுத்துவிட்டுப் பின்னால் தெரியவந்தால் மன்னிப்பே கிடையாது. தட்டு கண்ணுக்கு முன்னால் நின்றது. ஒக்வாரா, “சீக்கிரம்ணே, சாமிக்கு வேற வேலை இருக்கும்” என்றான். அந்த ‘அண்ணே’யில் அவர் கை தானாக நீண்டது.

“ஆண்டவரே, இதத் தின்ற வாய் நாளைக்கும் தின்னட்டும். பாலத்துக்குப் போற கால் நடந்தே திரும்பி வரட்டும். எங்க எட்டுப் பேர்ல ஒருத்தரையும் தனியா விட்டுடாதேயும்” என்றார். ஆமென் என்றார்கள். பிட்டுக் கொடுத்தார். எல்லோரும் தின்றார்கள். அவர் வாயில் இருந்தது மட்டும் வெகுநேரம் கரையவே இல்லை. கசப்பு தித்திப்பாக மாறும் வரைக்கும் மென்றுகொண்டே இருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சுற்று வட்டாரத்துப் பெண்கள் சங்கத்தார் பட்டாளத்துப் பிள்ளைகளுக்கு என்று சோறும் வள்ளிக்கிழங்கும் சமைத்து எடுத்து வந்தார்கள். பரிமாறிக்கொண்டு வந்தவர்களில் ஒருத்தி ஃபிலோமினா. கருவாடு விற்கிறவள், உமுண்டேக்குப் பக்கத்துக் கிராமம். அவள் லிவினஸைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். வடக்கே செத்துப்போய்விட்டார் என்றுதான் ஊரில் பேச்சாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் சொல்ல ஆரம்பித்தாள். அவள் மனசில் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது.

“இவங்கம்மா செத்தப்பக்கூட பாவம், பாதிரியாரும் நாலு கன்னியாஸ்திரீங்களும்தான் தூக்கிட்டுப் போனாங்க. தோப்போர வீட்டுக்காரங்க இல்லையா, வேற யாரு வந்து கை குடுப்பா? அந்தம்மா எவ்வளவு நல்லவங்க தெரியுமா” என்றாள்.

ஒக்வாரா வாயில் சோறு இருந்தது. அதை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. ஃபிலோமினாவுக்கு என்ன சொல்லிவிட்டோம் என்றே புரியவில்லை. இன்னும் ஒரு துண்டுக் கிழங்கை லிவினஸ் தட்டில் வைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

அன்று மாலை பேசின் வந்தபோது, லிவினஸுக்கு முன்னால் தனியாக ஒரு தட்டு வந்தது. புதுத் தட்டு, நடுவில் ரோஜாப் பூப் போட்டது. கொண்டுவந்து வைத்தவன் ஃபிடெலிஸ்.

“உங்களுக்கு வயித்துக்குச் சரியில்லன்னு சொன்னாங்கண்ணே. தனியா வச்சா நல்லதுன்னு…”

“எனக்கு வயித்துல ஒண்ணும் இல்லையே தம்பி.”

ஃபிடெலிஸ் தட்டைக் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினான். “எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாதுண்ணே. மத்தவங்களுக்காகத்தான். சண்டைக்குப் போற நேரத்துல ஒத்துமை முக்கியம் இல்லையா?”

பேசினைச் சுற்றி ஏழு கைகள். அன்றைக்கு மீன் நீந்திப்போனதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

மறுநாள் பொழுது விடியும் முன்பே ஏழு பேரும் ஒரு சேவலைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் காட்டில் ஒரு பூசாரியிடம் போய் வந்தார்கள், தின்ற கோலாக்கொட்டைக்குப் பரிகாரம் கேட்க. ஏழு பேர் கழுத்திலும் செபமாலை கிடந்தது. ஞாயிறன்று ஒரே பாதிரியார் கையிலிருந்து ஒரே அப்பத்தை லிவினஸோடு சேர்ந்து நாக்கில் வாங்கியவர்கள்தான். கோயிலுக்குள் ஆண்டவர் எல்லோருக்கும் ஒரே அப்பம் என்கிறார். வாசலைத் தாண்டினதும் நாம் தட்டு தேடுகிறோம்.

சார்ஜன்ட் உகோர்ஜி கொஞ்ச நேரம் தன் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு லிவினஸைத் தனியே கூப்பிட்டு, முழங்கால் புண் ஆறிவிட்டதா என்று கேட்டார். அப்படி அவர் யாரையும் கேட்டதில்லை. அன்று மாலை அந்தக் குச்சி அடுப்பில் எரிந்தது. லிவினஸ் பாலத்துக்கு வர வேண்டாம், கிடங்கில் உட்கார்ந்து தைத்தால் போதும் என்று உத்தரவாயிற்று. ராணுவத்தில் என்ன சாப்பிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, யாரோடு என்று சட்டம் இல்லை, நான் என்ன செய்ய என்றார் சார்ஜன்ட்.

லிவினஸ் தைத்தார். சட்டைகள் வந்துகொண்டே இருந்தன. அவர் கை பட்ட சூரியனைத் தோளில் வைத்துக்கொள்ள ஒருவனும் மறுக்கவில்லை. ஏற்கனவே தைத்ததை யாரும் பிரித்துப் போடவும் இல்லை.

அந்த வாரத்தில்தான் விமானம் வந்தது. முகாமில் யாரும் அதுவரை எதிரி விமானத்தைப் பார்த்ததில்லை. நமக்கே விமானம் வாங்கிவிட்டார்கள் என்று மைதானத்தில் ஓடி நின்று கையாட்டினார்கள். சிலர் சட்டையைக் கழற்றி வீசினார்கள். அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் குண்டைப் போட்டது. கிடங்கின் கூரை பறந்தது.

லிவினஸ் வாசலுக்கு வெளியே கிடந்தார். சார்ஜன்டின் குச்சி பட்ட அதே காலில், முழங்காலுக்குக் கீழே சதை கிழிந்து தொங்கிற்று. முதலில் ஓடிவந்தவர்கள் அவருடைய ஆட்கள்தான். சும்மா சொல்லக் கூடாது, முழு வேகத்தில்தான் ஓடிவந்தார்கள். பக்கத்தில் வந்ததும் நின்றார்கள். ரத்தம் சேற்றில் கலந்து அவர்கள் பக்கம் ஊர்ந்து வந்தது. ஒவ்வொருவராகக் காலை ஓரடி பின்னால் எடுத்து வைத்தார்கள்.

ஃபிடெலிஸ் சட்டையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டான். குனிந்தான். கை பாதி தூரம் வந்து அப்படியே நின்றது.

“ஒக்வாரா, எதையாவது எடுத்து இறுக்கிக் கட்டுடா” என்றார் லிவினஸ்.

“ஆள் போயிருக்குண்ணே. இப்ப வந்துருவாங்க. நீங்க அசையாம படுத்துருங்க” என்றான் ஒக்வாரா. அவ்வளவு மரியாதையாக அவன் எப்போதும் பேசினதில்லை.

அவர் அண்ணாந்து அவர்கள் முகங்களைப் பார்த்தார். ஒருவன் கண்ணிலும் வெறுப்பு இல்லை. அழுகைதான் இருந்தது. அழுதுகொண்டே நின்றார்கள்.

மைதானத்தின் மறுகோடியில் வேறு காயக்காரர்களைப் பார்த்துக்கொண்டிருந்த அசுக்வோ வந்து சேர நேரமாகிவிட்டது. வந்தவன் ஒரு நிமிஷம் அந்த வட்டத்தைப் பார்த்தான். “ஏழு பேர் நிக்கறீங்க, ஒருத்தனுக்கும் கை இல்லையா?” என்று கேட்டான். அவன் தன் இடுப்புக் கச்சையை அவிழ்த்து அவர் தொடையில் இறுக்கினான். ஆளைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு, முழுக்க ரத்தமாக, லாரி நிற்கும் இடம் வரைக்கும் தனியாகவே நடந்தான். அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு போனபோது லிவினஸுக்குத் தான் சிரித்த சிரிப்பெல்லாம் ஞாபகம் வந்தது.

மிஷன் ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள். உடனே கட்டியிருந்தால் கால் தப்பியிருக்கும் என்று டாக்டர் போகிற போக்கில் சொன்னார்.

ஒக்வாரா ஒரு மத்தியானம் பார்க்க வந்தான். இனிமேல் செருப்பு ஒண்ணு வாங்கினால் போதும் என்று ஏதோ வேடிக்கை சொல்லப் பார்த்தான், பாதியில் நிறுத்திக்கொண்டான். மறுநாள் காலை எல்லோரும் பாலத்துக்குப் புறப்படுகிறார்களாம். அப்புறம் வந்த விஷயத்தைச் சொன்னான்.

“அந்தக் கோலாக்கொட்டைய நாங்க தின்னுட்டோம்ணே. உங்க ரத்தம் போறதையும் பாத்துக்கிட்டு நின்னோம். சேவல் வெட்டினது போதாதுன்னு பசங்க சொல்றானுங்க. ராத்திரில ஒருத்தனும் தூங்கறதில்ல. நீங்க அந்தத் தாய்கிட்ட எங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா…”

“நான் அவகிட்ட பேசினதே இல்லடா. நான் ஞானஸ்நானம் வாங்கினவன்.”

“தெரியும்ணே. நாங்களும்தான். இருந்தாலும் நீங்க சொன்னா அவ கேப்பா.”

அப்போதுதான் மதியச் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். களியும் குழம்பும், ஒரே பேசினில். லிவினஸ் அதைப் பார்த்தார்.

“கை கழுவிட்டு வா. எங்கூட ரெண்டு வாய் சாப்பிடு. அதுக்கப்புறம் எம்மனசுல ஒண்ணும் இருக்காது. எந்தத் தாயும் உங்கள ஒண்ணும் செய்யமாட்டா, நான் சொல்றேன்.”

ஒக்வாரா போய்க் கை கழுவினான். வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். கையிலிருந்து தண்ணீர் சொட்டிற்று. பேசின் வரைக்கும் கை வந்தது. லிவினஸ் அந்தக் கையையே பார்த்தார்.

கை திரும்பிப் போய்விட்டது. “எனக்கு ரெண்டு தங்கச்சிங்கண்ணே. இன்னும் கட்டிக் குடுக்கல. நாளைக்கு யாராவது சொல்லிட்டா அவளுங்கள யாருண்ணே எடுப்பா?” என்றான். முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

சாவுக்குப் பயந்து வந்த பையன். அதைவிடப் பெரிய பயம் ஒன்று அவனுக்கு இருந்தது.

அவன் துடைத்த தோளில் சூரியன் பட்டையின் ஒரு மூலை பிரிந்து தொங்கியது. லிவினஸ் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சட்டையக் கழட்டு” என்றார். தலையணைக்கு அடியிலிருந்து ஊசியை எடுத்தார். நிதானமாக, நாலு பக்கமும் சுற்றித் தைத்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். சட்டையை நீட்டியபோது ஒக்வாராவின் விரல் அவர் விரலில் இடித்தது. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. சட்டை வாங்குவதில் ஒன்றுமில்லையே.

“நடந்தே திரும்பி வாங்கடா. எல்லாரும்” என்றார். அவருக்குத் தெரிந்த சாமியிடம்தான் சொன்னார். ஒக்வாரா அது எந்தச் சாமி என்று கேட்கவில்லை. கும்பிட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு போனான்.

களி ஆறி மேலே தோல் படர்ந்திருந்தது. லிவினஸ் சிலுவை போட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். தன் பக்கத்துப் பாதியை மட்டும் சாப்பிட்டார். பாத்திரம் எடுக்க வந்த பெண் பேசினின் அந்தப் பக்கம் விரல்கூடப் படாமல் அப்படியே இருந்ததைப் பார்த்துவிட்டு, பசி இல்லையா என்று கேட்டாள்.

வேறொருத்தருக்கு வைத்தது, அவர் வரவில்லை என்றார்.